கூட்டிச் சொன்ன ஆறு வயது

பட்டாசு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கம்பெனி வேனில் ஏறியதுமே ஒரு தவறு செய்தேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், "பாட்டி, கொஞ்சம் தள்ளி உட்கார்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

வேனில் பேச்சு நின்றது. அவர் தள்ளி உட்கார்ந்தார். நான் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"மேடத்துக்கு எம்புட்டு வயசு?"

"இருபத்து நாலு."

"எனக்கு எம்புட்டு இருக்கும்னு நெனைக்கிறீக?"

பின் இருக்கையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அறுபத்தைந்து என்று தோன்றியது. மரியாதைக்காக ஐந்தைக் குறைத்து, "அறுபதா?" என்றேன்.

"அம்பது," என்றார் அவர். "ஆதார் அட்டையில அம்பத்தாறு. ஒங்க கண்ணுக்கு அறுபது. பாத்தீகளா, கேஸ் சிலிண்டர் வெல மாதிரி ஏறிக்கிட்டே போகுது."

வேனே சிரித்தது. நானும் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் சொன்ன மூன்று எண்களில் நடுவில் இருந்த எண்ணைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஆபீஸ்தான். நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்தவள். ஒவ்வொரு அறையாகப் போய், நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா, வெடிமருந்து அனுமதித்த அளவுக்கு மேல் இருக்கிறதா, யாராவது நைலான் சேலை கட்டி வந்திருக்கிறார்களா என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. வீடு விருதுநகரில். அங்கிருந்து பேருந்தில் வந்து, சிவகாசிக்கு முந்தைய நிறுத்தம் ஒன்றில் இந்த வேனைப் பிடிப்பேன். வேனில் பதினெட்டுப் பெண்கள், டிரைவர், நான்.

அக்காவின் அறை சங்குசக்கரம் சுற்றும் அறை. மருந்து அடைத்த காகிதக் குழாயை வட்டமாகச் சுருட்டி, நுனியில் பசை தடவி ஒட்ட வேண்டும். சுற்று தளர்ந்தால் சக்கரம் தரையில் சுழலாது, துள்ளி ஆள் மேல் பாயும். வாரத்துக்கு ஒருமுறை நான் ஒவ்வொருவர் சுற்றியதிலும் சிலவற்றை எடுத்துக் கொளுத்திச் சோதிப்பேன். மூன்று ஆண்டுகளில் அவர் சுற்றிய ஒன்றுகூடத் துள்ளியதில்லை. புதிதாக வரும் பெண்களை ஃபோர்மேன் அவர் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். அப்படிக் கற்றுக்கொடுப்பதற்குப் பதவி என்று எதுவும் கிடையாது. ஃபோர்மேனுக்கு அறுபத்தேழு வயது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர் முதலில் கேட்பது வயதுதான். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை வயது, கைபேசியில் அமைச்சர் வந்தால் அமைச்சர் வயது. கேட்டுத் தெரிந்துகொண்டு, சற்று நேரம் உதட்டை மடித்து வைத்திருப்பார். பிறகு தன் வயதைச் சொல்வார். மற்ற பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், அல்லது சிரித்து மழுப்புவார்கள். தீபாவளி முடிந்து ஆபீஸ் மறுபடி திறக்கும்போது பாதிப் பேர் தலைக்குச் சாயம் பூசி வருவார்கள். கண்ணுக்கு முதிர்ந்து தெரிந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அவர் பூசியதில்லை.

ஒரு தேர்தல் சமயம். பிரசார வண்டிகள் சாலையை அடைத்ததால் வேன் நாற்சந்தியில் நின்றுவிட்டது. திறந்த ஜீப்பில் வேட்பாளர் கைகூப்பி நின்றார். பக்கத்தில் இன்னொருவர், கழுத்து தெரியாத அளவுக்கு மாலை.

"மாலைக்குள்ள இருக்குறது யாரு?" என்று கேட்டார் அக்கா.

"எளைஞரணித் தலைவருக்கா," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"எளைஞருக்கு எம்புட்டு வயசு?"

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "எங்கண்ணன் செட்டு. அம்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு."

"என்னைய விட மூப்பு. அவரு எளைஞரு, நான் பாட்டி. சரி, கும்பிட்டுக்கிட்டு நிக்கிறவருக்கு?"

"எழுவத்தி நாலு."

"அவரு எந்த அணி?"

"அவரு அனுபவசாலிக்கா," என்று யாரோ கத்த, வேன் குலுங்கியது.

"அதான பாத்தேன். அவுகளுக்கு நரைச்சா அனுபவம். நமக்கு நரைச்சா வெறும் நரை."

"ஏக்கா, பேசாம நீ மகளிரணியில சேந்துரு. பதவி குடுப்பாக."

"குடுப்பாக, ஆரத்தித் தட்டு. கூட்டத்துக்கு ஆள் பத்தலைன்னா நம்மள லாரில ஏத்துவாக. மேடைக்கு ஆள் பத்தலைன்னா அவுகளே ஏறிக்கிடுவாக."

ஜீப் எங்கள் பக்கம் வந்தது. வேட்பாளர் சன்னலைப் பார்த்து, "வாங்கம்மா, தாய்மார்களே, மறந்துராதீக," என்றார். அவரைவிட இருபத்து நாலு வயது இளையவரான அக்கா, "சரி தம்பி," என்று கைகாட்டினார்.

இப்படிப் பேசுகிறவருக்கு ஒருமுறை தேர்தலில் நிற்கும் வாய்ப்பு வந்து கைநழுவியது என்பதை வேறொரு பெண் எனக்குச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமே கேட்டேன்.

அவர் தெருவில் குழாயில் தண்ணீர் வராத காலத்தில், நாலைந்து திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு, விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தவர் அவர். தண்ணீர் வந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், தெருப் பெண்கள் அவரைத்தான் நிற்கச் சொன்னார்கள். கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டு, போட்டோ எடுக்க வந்தார்கள்.

"எடுத்தாக. எடுத்ததத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. அப்பறம், 'ஆத்தா, ஒங்க மருமக நிக்கட்டுமே, போஸ்டருக்கு மொகம் எடுப்பா இருக்கும்'னாக. ஊரு ஒலகத்துக்கெல்லாம் போஸ்டரு இங்கனதான அடிக்காக. எவனெவன் மூஞ்சியவோ அடிக்கிற மெஷினு, எம்மூஞ்சிய மட்டும் துப்பிருமா?"

"மருமகள் நின்னாங்களா?"

"நின்னா. செயிச்சுட்டா. நல்ல புள்ள அவ, குத்தம் சொல்லக் கூடாது. கூட்டத்துக்கு எம்மகன் போறான். கையெழுத்துக்கு அவ. கொழாயடியில பதில் சொல்றதுக்கு நான்."

சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவப் போனார். அன்று அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

கம்பெனியின் பெரிய முதலாளி இறந்துபோய் நாளாகிவிட்டது. நிர்வாகம் அவருடைய மகள் கையில். எல்லாரும் அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்த அதே வாரம் சின்னம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எல்லா அறைகளுக்கும் லட்டு வந்தது. அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், "எனக்கும் பொறந்தநாளு முடிஞ்சு நாலு நாளுதான் தாயி ஆகுது," என்றார்.

அவருடைய அம்மா இதே குடும்பத்தின் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியவர். முதலாளிக்குப் பெண் பிறந்தது என்று எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்த அன்று, அம்மா வேலைக்குப் போகவில்லை. நாலு நாளைக்கு முன்புதான் பிள்ளை பெற்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவர் பங்குக் கல்கண்டை வாங்கிவந்து கொடுத்தாளாம்.

"அதத் தண்ணில கரைச்சு என் நாக்குலதான் மொதல்ல வச்சாகளாம். அதான் எனக்குத் தெரியும். சின்னம்மாவுக்கு எம்புட்டோ, எனக்கும் அம்புட்டு. அவுகளுக்குச் சின்னம்மான்னு பேரு. எனக்குத்தான் நீங்க வேன்ல பேரு வச்சீகளே."

பேச்சை மாற்ற, முதல் நாள் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். "அப்படின்னா அட்டையில ஏன் ஆறு வயசு கூட இருக்கு?"

அவருக்கு எட்டு வயதானபோது அம்மா அவரைத் தன்னோடு தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போனார். பதினாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே வழிநெடுகப் பாடம் நடந்தது.

"அம்மா கேப்பாக, எம்புட்டு வயசு? நான் சொல்லணும், பதினாலு. மறுக்காவும் கேப்பாக, பதினாலு. ஆபீசர் மாதிரிக் கொரல மாத்திக் கேப்பாக. எட்டுன்னு வாய் தவறிச் சொன்னா தொடையில ஒரு கிள்ளு. வாசல் வர்றதுக்குள்ள எனக்குப் பதினாலு ஆயிருச்சு."

ஆபீஸ் பேரேட்டில் ஏறிய வயது அவரைப் பிறகு விடவில்லை. ஓட்டு லிஸ்ட்டில் பெயர் சேர்க்க வந்த கட்சிக்காரர் அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார். பதினாறு வயதில் அவர் முதல் ஓட்டைப் போட்டார். ஓட்டு லிஸ்ட்டைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்து பி.எஃப். கணக்கு. எந்த இடத்திலும் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. முந்தைய தாளில் இருந்ததை அடுத்த தாளில் எழுதினார்கள்.

"வேலைக்கு வேணும்னு கூட்டுனாக, ஓட்டுக்கு வேணும்னு அதையே வச்சுக்கிட்டாக," என்றார் அக்கா. "கொறைக்க மட்டும் ஒருத்தரும் வரல."

மூன்றாம் ஆண்டு, தீபாவளி சீசன் முடிந்து ஆபீஸ் மறுபடி திறந்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இனி ஐம்பத்தெட்டு வயது முடிந்த யாரையும் வைத்துக்கொள்வதில்லை, பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, பெயர்களைத் தயார் செய் என்றார். பி.எஃப். விவரத்திலிருந்து வயதுகளை எடுத்து வரிசைப்படுத்தினேன். பதினொரு பேர் வந்தார்கள். ஏழு பெண்கள், நாலு ஆண்கள். அக்காவின் பெயர் மூன்றாவது. அவருடைய உண்மையான வயது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது அட்டையில் உள்ள வயது, நான் அதை எழுதினேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. நாலு ஆண்களின் பெயர்களும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன.

"அவுகள விட்டுரும்மா," என்றார் மேனேஜர். "ஃபோர்மேன், மருந்து கலக்குறவுக. அனுபவம் வேணும்ல?"

"சக்கரம் சுத்துற அறைக்கும் அனுபவம் வேணும் சார். அந்த அக்காதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறாங்க."

"சக்கரம் சுத்த என்னம்மா அனுபவம்? சொன்னா நாளைக்கே நாலு சின்னப் பிள்ளைக வந்து நிக்கும்."

அன்று மாலை வேனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செய்தி அவருக்குப் போயிருந்தது. அதுவரை என்னை நீங்க என்றே பேசிவந்தவர், அன்றுதான் நீ என்றார்.

"லிஸ்ட்டு நீதான் போட்டியா தாயி?"

"ஆமாக்கா."

அவர் மெல்லச் சொன்னார். "எனக்கு இன்னும் ஆறு வருசம் வேலை இருக்கு. சும்மா கேக்கல, எனக்குப் பாத்தியப்பட்டது. வீட்டுல உக்காந்தா, ஒரு வெத்தல பாக்குக்குக்கூட மகன் கையத்தான் பாக்கணும். அப்ப நான் நெசமாவே பாட்டியாயிருவேன். நீ படிச்ச புள்ள. அந்த ஆறு வருசத்த எனக்குத் திருப்பி வாங்கிக் குடு."

நான் வீட்டுக்குப் போய், வயதைத் திருத்த எதையெல்லாம் காட்டலாம் என்று எழுதினேன். பிறப்புச் சான்றிதழ்: வீட்டில் பிறந்தவர், பதியவில்லை. பள்ளிச் சான்றிதழ்: பள்ளிக்குப் போனதில்லை. பெற்றோர் சாட்சி: இருவரும் இறந்துவிட்டார்கள். ஜாதகம்: இல்லை. கடைசியாக மருத்துவர் சான்று என்று எழுதினேன். ஒரு சனிக்கிழமை அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல், மூட்டு, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து முதல் அறுபதுக்குள் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து அக்கா அந்த எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "எலும்பும் பதினாலுன்னு சொல்லக் கத்துக்கிருச்சு போல," என்றார்.

மிச்சம் இருந்தது பழைய தீப்பெட்டி ஆபீசின் பேரேடுதான். அந்த ஆபீஸை மூடி வெகுகாலம் ஆகிறது. தாள்களெல்லாம் சின்னம்மா குடும்பத்தின் காலண்டர் அச்சகக் குடோனின் பின்னறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். அவர் பெயர், அப்பா பெயர், சேர்ந்த தேதி, வயது 14. அதற்கு எதிரே ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. என் சுண்டுவிரல் நுனியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். மறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அந்த அளவு ரேகைகள் ஒன்பது இருந்தன. ஒன்பதுக்கும் வயது பதினாலு.

அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பேரேட்டைச் சின்னம்மாவிடம் எடுத்துப் போனேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தன் கட்டைவிரலை அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தைத் தொட்டு, "அப்பா கையெழுத்து," என்றார்.

"அவங்க உங்க வயசுதான் மேடம். நீங்க ஒரு கடிதம் கொடுத்தா வயசைத் திருத்தலாம்."

"தெரியும்மா. ஒரே வாரத்துல பொறந்தோம்னு எங்கம்மாவும் சொல்லிருக்காக." பேரேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "எட்டு வயசுல என்னைய மலைமேல ஒரு ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டாக. அழுதுக்கிட்டே போனேன். இவுகளும் அந்த வருசம்தான் வந்திருக்காக."

அவர் விரல் மேலே நகர்ந்து, சேர்ந்த தேதியில் நின்றது.

"சேந்த தேதி இதுல இருக்கு. நான் இப்ப வயசக் கொறைச்சு எழுதிக் குடுத்தா, எட்டு வயசுப் பிள்ளைய வேலைக்கு வச்சோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். அப்பா பேரு என்னாகும்? இந்த ஆபீஸ் என்னாகும்?"

"ஆனா அதுதானே மேடம் நடந்தது?"

"நடந்ததுதான்." அவர் பேரேட்டை மூடினார். "எம்மகன் இப்பவே, 'நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்'ங்கிறான். எனக்கு அம்பத்து ரெண்டு வயசுலயே. இந்த நாற்காலியில நான் இருக்குறவரைக்கும் யாரையும் போலீஸ், கோர்ட்டுன்னு இழுத்து விடக் கூடாது. புரிஞ்சுக்கோம்மா."

பேரேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கொடுமைக்காரர் இல்லை அவர். அன்று என்னைக் காபி குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

அக்காவிடம் கைபேசிப் படத்தைக் காட்டினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாங்கிப் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்தேன். ரேகை திரை முழுக்க வந்தது.

"எம்புட்டுச் சின்ன வெரலு," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "சின்னப் புள்ளையில நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது தாயி. போட்டோ கெடையாது. இந்த வெரலு ஒண்ணுதான் இருக்கு."

"அக்கா, இதைக் கொண்டுபோய்த் தொழிலாளர் அலுவலகத்துல கொடுக்கலாம். நான் கூட வர்றேன்."

"குடுத்தா?"

"விசாரணைக்கு வருவாங்க."

"ஆபீசப் பூட்டுவாகளா?"

"கொஞ்ச நாள் பூட்டலாம். உறுதியா சொல்ல முடியாது."

"வேன்ல வர்ற புள்ளைகளுக்கு?"

அடுத்த சீசன் வேலை தொடங்கும் நேரம் அது. எல்லார் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். கட்டைவிரலால் திரையை ஒருமுறை தடவினார்.

"அழிச்சிரு."

"அக்கா…"

"எங்கண்ணு முன்னாடி அழி. இல்லாட்டி நாளைக்கே எனக்கு ஆச வந்துரும்."

அழித்தேன்.

விடைகொடுத்த அன்று ஏழு பெண்களுக்கும் சால்வை போர்த்தி, ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். சின்னம்மாவே போர்த்தினார். போட்டோ எடுப்பவர், "பாட்டிமாரெல்லாம் கொஞ்சம் சிரிங்க," என்றார். ஆறு பேர் சிரித்தார்கள். நாலு நாள் முன்னும் பின்னுமாகப் பிறந்த இரண்டு பெண்கள், ஒருவர் கையில் இருந்த சால்வையின் நுனியை இன்னொருவர் பிடித்துக்கொண்டு, காமிராவைப் பார்க்காமல் நின்றார்கள். தன் விருப்பத்தின் பேரில் ஓய்வு பெறுவதாக எழுதியிருந்த தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். அதில் வயது ஐம்பத்தெட்டு.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு. என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கியா தாயி? கல்யாணம் ஆச்சா? ஒனக்கு இருவத்தேழு முடியப் போகுதுல்ல?" என்றார். பிடித்த கையைப் பார்த்தேன். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் வெள்ளிபோல் மின்னியது. அலுமினியப் பொடி. மருந்து கலக்குகிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். எங்கள் ஆபீசில் பெண்கள் அந்த அறைக்குப் போவதே இல்லை.

"மருந்து கலக்குறீங்களா அக்கா?"

"மெதுவாப் பேசு."

"எங்கே?"

"வேலிக்காட்டுக்குள்ள ஒரு தகர செட்டு. எடம் கேக்காத, சொல்ல மாட்டேன். ஒனக்கும் சிக்கல், அவனுக்கும் சிக்கல்."

லைசென்ஸ் இல்லாத இடம் என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்ட இடம் தெரியவந்தால் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் வேலையின் முதல் விதிகளில் ஒன்று.

"அக்கா, வேண்டாம். அங்கே ஒரு பாதுகாப்பும் இருக்காது."

"இருக்காதுதான்." அவர் என் கையை விடவில்லை. "ஆனா அங்க போய் நின்னேனா, அந்த ஆளு என்னைய வயசு கேக்கல. அட்டையும் கேக்கல. 'ஒங்களுக்கு என்னென்ன தெரியும்?'னு கேட்டான். நாப்பத்து நாலு வருசத்துல என்னைய ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல தாயி. சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தான்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேருந்து வர நேரம் இருந்தது. அவரே கேட்டார். "நீ படிச்சிருக்க. அங்கன எனக்குச் சொல்ல ஆளில்ல. என்னென்ன செய்யக் கூடாது, சொல்லு. வரிசையாச் சொல்லு, மனசுல வச்சுக்கிடுவேன்."

சொன்னேன். இரும்புக் கரண்டி கூடாது. நைலான் சேலை கூடாது. கலவையை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உள்ளே இரண்டு பேருக்கு மேல் கூடாது. கைபேசி கூடாது. உச்சி வெயிலில் வேலை கூடாது. கலந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. கதவைச் சாத்தக் கூடாது. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, வெள்ளி படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"எட்டு. வேற?"

"ஒன்பதாவது, அங்கே போகக் கூடாது."

அவர் சிரித்தார். "அத மட்டும் சேக்காத. அதச் சேத்தா மத்த எட்டும் எனக்கு எதுக்கு?"

பேருந்து வந்தது. ஏறிப் போனார்.

நான் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால், தனக்கு என்ன தெரியும் என்று கேட்ட ஒரே இடத்தையும் அவர் என்னால் இழந்திருப்பார். இரண்டில் எது சரி என்று இன்னும் எனக்குத் தீர்மானம் இல்லை. அதற்குப் பிறகு நான் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அவரிடம் கைபேசி கிடையாது. அவரைப் பார்த்து ஓராண்டு ஆகப் போகிறது.

எங்கள் பக்கத்திலிருந்து வெடிவிபத்துச் செய்தி வரும் காலைகளில், இறந்தவர்கள் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் வயதைப் போட்டிருப்பார்கள். பெயர்களைப் படிக்கும் தைரியம் வருவதற்கு முன் என் கண் வயதுகளின் மேல் ஓடிவிடுகிறது. அவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. ஆனால் நான் தேடுவது ஐம்பத்தொன்பதை. ஐம்பத்து மூன்று என்று யாரும் போடமாட்டார்கள்.